எடை கூட வேண்டும், ஆனால் அளவுக்கு மீறித் தின்றுவிடுவேனோ என்ற பயம்: பதின்வயதினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

15 வயதில் எனக்கு எந்தக் கால்சட்டையும் இடுப்பில் நிற்காது. பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல், அப்பா ஒரு ஆணியைப் பழுக்கக் காய்ச்சி இன்னும் இரண்டு ஓட்டை போட்டுத் தந்தார். அதே வயதில் ஒரு விருந்தில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அன்று இரவெல்லாம் தூங்காமல் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததும் நான்தான். ஒல்லியாக இருப்பவனுக்குக் குண்டாகிவிடுவோமோ என்ற பயம் எப்படி வரும் என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக அனுபவித்திருக்க மாட்டார்கள். இப்போது பதின்வயதினருக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நான் உண்மையிலேயே எடை குறைவா, இல்லை என் உடல்வாகே இப்படியா?

பிஎம்ஐ, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணைக் கணக்குப் போட்டு, 18.5க்குக் கீழே என்றால் எடை குறைவு என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த எண் பெரியவர்களுக்கானது. வளரும் வயதில் பிஎம்ஐ ஆண்டுக்கு ஆண்டு தானாகவே மாறும். அதனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கென்று 2007இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை அதற்குத்தான். அதன்படி 15 வயதில் பிஎம்ஐ ஏறக்குறைய 16க்குக் கீழே போனால்தான் மெலிவு என்று சொல்வார்கள். 160 சென்டிமீட்டர் உயரமும் 41 கிலோ எடையும் உள்ளவரின் பிஎம்ஐ 16. பெரியவர் ஒருவருக்கு அந்த எண் வந்தால் கவலைப்பட வேண்டும். 15 வயதுக்காரருக்கு அது எல்லைக்கோடு.

ஒரு நாளின் எண்ணைவிட, அந்த அட்டவணையில் உங்கள் வளர்ச்சிக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சின்ன வயதிலிருந்தே அட்டவணையின் கீழ்க்கோட்டை ஒட்டியே, ஆனால் சீராக வளர்ந்து வந்திருந்தால், பெற்றோரும் ஒல்லி என்றால், அது உடல்வாகாக இருக்கலாம். நடுக்கோட்டில் வளர்ந்தவர் ஒரே ஆண்டில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால், எண் இன்னும் 'சரி' என்று காட்டினாலும் அதைக் கவனிக்க வேண்டும். பழைய மருத்துவச் சீட்டுகளில் எடையும் உயரமும் குறித்திருந்தால் தேடி எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெண்களுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதிலும், ஆண்களுக்கு 13, 14 வயதிலும் உயரம் கிடுகிடுவென்று ஏறும். அந்த நேரத்தில் உயரம் முன்னால் ஓடும், எடை பின்னால் வரும். பருவ வளர்ச்சி தாமதமாகத் தொடங்குபவர்கள் இன்னும் கொஞ்ச காலம் ஒல்லியாகவே தெரிவார்கள்.

நான் நிறையச் சாப்பிடுகிறேன், ஆனால் உடம்பில் ஒட்டமாட்டேன் என்கிறதே?

இதைச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதி வாருங்கள். கலோரி வேண்டாம், என்ன, எப்போது, எவ்வளவு என்பது மட்டும் போதும். எழுதிப் பார்த்ததும் கதை மாறிவிடும். இரவு உணவு பிரமாதமாக இருக்கும். காலையில் ஒரு டீயோடு ஓடியிருப்பார்கள். மதிய டப்பா பாதிக்கு மேல் திரும்பி வந்திருக்கும். மாலையில் இரண்டு மணி நேரம் பந்தாட்டம். எல்லாரும் பார்ப்பது அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைத்தான். உடம்புக்கோ நாள் முழுக்கக் கணக்கு.

உண்மையிலேயே நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, அல்லது இறங்குகிறது என்றால் அது வேறு விஷயம். அடுத்த பதிலைப் படியுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

முயற்சி எதுவும் செய்யாமல் எடை இறங்கினால் உடனே. அளவுக்கு மீறிய தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்து வந்தால் முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடவே கூடாது, அன்றே போங்கள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எப்போதும் வியர்வை என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று சோதிப்பார்கள். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, மலத்தில் ரத்தம் என்றால் குடல் நோய்களை நினைக்க வேண்டும். விடாத இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் காசநோயை. குடற்புழு, ரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவையும் பசியைத் தின்றுவிடும். கவனக்குறைபாட்டுக்குத் தரும் சில மாத்திரைகளும் பசியை அடக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்தவரிடம் சொல்லுங்கள்.

மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் நின்றாலும், 15 வயதாகியும் தொடங்காமலே இருந்தாலும் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பல நாட்களாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவர்களும், மிகக் கடுமையாக மெலிந்தவர்களும் திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் அபாயகரமாகக் குறைந்துவிடலாம். இரண்டாம் உலகப்போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் இதைக் கண்டார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை வைத்துத் தாங்களாகத் தொடங்க வேண்டாம், மருத்துவர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பயம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எடை குறைவாக இருப்பவரின் 'போதும்' என்ற அளவு, நாளாக நாளாகச் சின்னதாகிப்போன அளவு. குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய வயிறு சீக்கிரம் நிரம்பிவிட்டதாகச் சொல்லும். அதைத் தாண்டி இரண்டு கவளம் போனாலே ஏதோ தப்புச் செய்துவிட்டது போல இருக்கும். ஆனால் உடம்புக்குத் தேவையான அளவு அந்த இரண்டு கவளத்துக்கும் அப்பால் இருக்கிறது. எனவே எடை கூட முயலும் காலத்தில் சாப்பிட்டு முடித்ததும் வயிறு கொஞ்சம் கனமாக இருப்பது சகஜம். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் அது இறங்கிவிடும்.

மருத்துவர்கள் மிதமிஞ்சி உண்ணும் கோளாறு என்று ஒன்றைச் சொல்வார்கள். அதை அவர்கள் அளவை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. குறுகிய நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது, அந்த நேரத்தில் நிறுத்தவே முடியாது என்ற உணர்வு, பசியே இல்லாதபோதும் தின்பது, வெட்கப்பட்டுத் தனியாக ஒளிந்து தின்பது, முடிந்ததும் தன்மேலேயே அருவருப்பு. இவை வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். விருந்தில் மூன்றாம் முறை கேட்டு வாங்கியது அதில் சேராது. விளையாடிவிட்டு வந்து நின்றபடியே ஒரு முழுச் சாப்பாட்டை முடித்ததும் சேராது.

என்னிடம் வந்த ஒரு மாணவி, 'நேற்று அளவில்லாமல் தின்றுவிட்டேன்' என்று கலங்கினாள். என்னென்ன என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினாள்: காலையில் இரண்டு முட்டை, ரொட்டி, பால். மதியம் சோறு, பருப்பு, காய், தயிர். மாலையில் ஒரு பழமும் ஒரு கைப்பிடி கடலையும். இரவும் சோறு. சொல்லி முடித்ததும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயதுக்கு அது ஒரு சாதாரண நாளின் சாப்பாடு. அதற்கு முந்தைய நாட்கள்தான் சாதாரணமாக இல்லை.

கொஞ்ச நாளாகப் பசி அடங்கவே மாட்டேன் என்கிறது. கட்டுப்பாடு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. 1944, 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அவர்களின் சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டார். 24 வாரத்தில் அவர்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. அதற்கு முன் சாப்பாட்டைப் பற்றி அவ்வளவாக யோசிக்காதவர்கள் நாள் முழுக்க அதையே நினைக்கத் தொடங்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது வயிறு நிரம்பிய பிறகும் சிலருக்குப் பசி தீரவில்லை. முன்பு சாப்பிட்டதைவிடப் பல மடங்கு சாப்பிட்டார்கள். உடல் தேறத் தேற, மாதங்கள் கழித்துத்தான் அது படிப்படியாக அடங்கியது.

அவர்கள் பெரியவர்கள், நீங்கள் இன்னும் வளர்பவர்கள். உங்கள் உடம்புக்குப் பழைய கடனும் இருக்கிறது, புதிய வளர்ச்சியும் இருக்கிறது. இந்தப் பசியை வேளை தவறாத சாப்பாட்டால்தான் அடக்க முடியும். காலையில் பட்டினி கிடந்து 'சரிக்கட்ட' நினைத்தால் இரவில் இன்னும் வேகமாகத் திரும்பி வரும்.

அப்படியானால் எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட வேண்டும்?

இப்போது சாப்பிடுவதோடு நாளுக்கு 300 முதல் 500 கலோரி வரை கூடினால் பெரும்பாலோருக்கு வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை மெல்ல ஏறும். எண்ணைச் சொல்லிவிட்டேன், ஆனால் எண்ணிக்கொண்டே சாப்பிடாதீர்கள். சாப்பாட்டைப் பற்றி ஏற்கெனவே பயப்படும் மனத்துக்குக் கலோரி செயலி நல்ல துணையல்ல. அது கூட்டவும் உதவும், அதைவிட வேகமாகக் குறைக்கவும் கற்றுத்தரும்.

அதற்குப் பதில் பொருளாக யோசியுங்கள். ஒரு டம்ளர் கொழுப்பு நீக்காத பாலும் ஒரு கைப்பிடி நிலக்கடலையும் சேர்ந்தாலே 300ஐத் தாண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. கொழுப்பு இடத்தை அடைக்காமல் சத்தைக் கூட்டுவது இதனால்தான்.

வீட்டில் ஒரு முறை செய்து பாருங்கள். ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சுங்கள். இறக்கியதும் கடலை வெண்ணெய் இரண்டு கரண்டி போட்டுக் கிளறுங்கள். சூட்டில் அது இளகி, ஓரத்தில் எண்ணெய் லேசாக மினுங்கிக்கொண்டு கரைந்துவிடும். மேலே ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போடுங்கள். கிண்ணம் அதே கிண்ணம்தான், ஆனால் உள்ளே இருக்கும் சத்து இரண்டு மடங்குக்கும் மேல். வயிற்றைத் திணிக்காமல் எடை கூட்டும் வழி இது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் எள்ளையோ, வெறும் வெண்ணெயையோ வைத்துக்கொள்ளலாம்.

புரதம் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 14 முதல் 18 வயதில் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 0.85 கிராம் என்பது அடிப்படைத் தேவை. முட்டை, பால், தயிர், பருப்பு, பயறு, மீன், இறைச்சி என்று வேளைக்கு ஒன்று தட்டில் இருந்தால் அது தாண்டிவிடும். சுண்ணாம்புச்சத்தையும் இரும்புச்சத்தையும் மறக்காதீர்கள். எலும்பின் அடர்த்தியில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். பிறகு அந்த வாய்ப்பு வராது.

நாலு கவளத்திலேயே வயிறு நிரம்பிவிடுகிறதே?

மூன்று வேளையை ஆறாக உடையுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது. சாப்பாட்டுக்கு முன்பும் நடுவிலும் தண்ணீரை வயிறு நிறையக் குடிக்க வேண்டாம், பிறகு குடியுங்கள். மெல்ல முடியாத நேரத்தில் பாலும் பழமும் அடித்துக் குடிப்பது எளிது. டீ, காபி பசியை மட்டுப்படுத்தும், சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கும். அதனால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். பசி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் பசி அந்த நேரத்துக்குத் தானாக வரப் பழகிவிடும்.

பொரித்தது, இனிப்பு, குளிர்பானம் என்று தின்றால் சீக்கிரம் ஏறுமே?

ஏறும். ஆனால் எலும்புக்கும் தசைக்கும் ரத்தத்துக்கும் அதில் ஒன்றும் இல்லை. அதற்காக அவற்றைத் தீண்டத்தகாததாக ஆக்கவும் வேண்டாம். நண்பர்களோடு ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டதற்குக் கணக்குக் கேட்கிறவர்களிடம் என்னைப் பேசச் சொல்லுங்கள்.

கூடுகிற எடையெல்லாம் தொப்பையாகப் போய்விடுமோ?

எடை திரும்பும்போது சிலருக்கு முதலில் வயிற்றுப் பக்கம்தான் தெரியும். கை கால் அப்படியே இருக்க, வயிறு மட்டும் முன்னால் வந்தது போல இருக்கும். அதில் ஒரு பங்கு அப்போது சாப்பிட்டதும், தண்ணீரும், காற்றும்தான். மீதி மாதங்கள் போகப் போக உடம்பெங்கும் பரவும். இந்தக் கட்டத்தில் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம்.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பருவ வயதில் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வது வளர்ச்சியின் வேலை. போதிய கொழுப்பும் போதிய உணவும் இல்லாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகும்.

எடை கூட்டும் பவுடர், மாத்திரை, ஊசி?

பவுடர் என்பது பெரும்பாலும் சர்க்கரை, மாவு, பால் புரதம். பாலும் பழமும் கடலையும் அதே வேலையைச் செய்யும். முகம் தெரியாத ஆள் விற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத பவுடரை வாயில் வைக்காதீர்கள். அதில் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், அதைச் சதை என்று நினைத்து மகிழ்வோம். உள்ளே எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து. அதனால் ஏற்கெனவே தின்றுகொண்டிருப்பவர்கள் நிறுத்தும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். பசியைத் தூண்ட என்று தரும் சைப்ரோஹெப்டடின் உண்மையில் ஒவ்வாமை மருந்து. தூக்கம் தூக்கமாக வரும். மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்.

ஜிம்மில் சிலர் சொல்லும் தசை ஊசிகள் இன்னும் மோசம். அந்த ஹார்மோன்கள் எலும்பின் வளர்முனைகளை முன்கூட்டியே மூடிவிடும். உயரம் அதோடு நின்றுவிடும்.

எடை கூட வேண்டுமென்றால் ஓடியாடாமல் இருக்க வேண்டுமா?

வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரி ஒரு மணி நேர உடலுழைப்பையும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை தருவதையும் பரிந்துரைக்கிறது. தண்டால், உட்கார்ந்து எழுதல், சொல்லித்தர ஆள் இருந்தால் லேசான பளு. சாப்பிட்டது தசையாகச் சேர இது வேண்டும். ஆனால் சாப்பிட்டதை 'எரித்துவிட' ஓடுவது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மிகவும் மெலிந்தவர்களும், தலைசுற்றல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தூக்கம் 8 முதல் 10 மணி நேரம்.

தினமும் எடை பார்க்கலாமா?

வேண்டாம். ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேரும். அதனால் முதல் வாரத்தில் எடை துள்ளி ஏறும், பிறகு மெதுவாகும். இது தெரியாதவர்கள் முதல் வாரம் பயப்படுகிறார்கள், மூன்றாம் வாரம் சோர்ந்துபோகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். எண்ணைப் பார்த்தாலே அந்த நாள் கெட்டுவிடுகிறது என்றால் நீங்கள் பார்க்காதீர்கள். அம்மாவோ மருத்துவரோ குறித்து வைக்கட்டும்.

சாப்பிட்ட பிறகு குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. வாந்தி எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

எப்போதாவது லேசாக உறுத்துவது பழக்கத்தில் போய்விடும். ஆனால் வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, எடுத்தாலோ, பேதி மாத்திரை தேடினாலோ, சாப்பிட்டதற்காக அடுத்த வேளையைத் தவிர்த்தாலோ, இன்றே ஒரு பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இது உண்ணும் கோளாறின் தொடக்கமாக இருக்கலாம், ஆண்களுக்கும் வரும். வாந்தி உடம்பின் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இந்த ஒரு வாக்கியம் போதும்: 'சாப்பிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது, என்னை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.'

'ஊதினால் பறந்துவிடுவாய்' என்று கேலி செய்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் 'அடேயப்பா, இவ்வளவா' என்கிறார்கள்.

இரண்டையும் சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள்தான். வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: தட்டில் என்ன, எவ்வளவு என்று சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேசக்கூடாது, பேச வேண்டியதை வேறு நேரத்தில் பேசலாம். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: 'அம்மா, நீ பரிமாறு, நான் சாப்பிடுகிறேன். ஆனால் என் தட்டையே பார்த்துக்கொண்டிருக்காதே, கவளம் இறங்கமாட்டேன் என்கிறது.' இதைச் சொன்ன பிறகு எதிரில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பையன் அன்று சாப்பிட்டு முடித்தான்.

எவ்வளவு காலம் ஆகும்? எங்கே நிறுத்துவது?

மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோ என்றால் ஐந்தாறு கிலோவுக்கு நாலைந்து மாதம். நடுவில் காய்ச்சல், பரீட்சை என்று இரண்டு வாரம் நின்றுபோகும், அதையும் சேர்த்து அரை ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு முன்னால் வேறு சில மாறும்: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது, கை எப்போதும் சில்லென்று இருக்காது, மதியத்தில் கண் சொருகாது. வளர்ச்சி அட்டவணையில் உங்கள் பழைய கோட்டை எட்டியதும் இடையில் சேர்த்த கூடுதல் தீனியை மெல்லக் குறைக்கலாம். வேளைச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் அந்தக் கோடும் மேலே போய்க்கொண்டேதான் இருக்கும்.